பல் முளைத்த சீற்

கச்சு முகம்மது ஓரிடத்தில் இருக்கத் தெரியாத மனுஷர். சோறு தின்னும்போதும் ஒரு காலைக் குத்திட்டுத்தான் இருப்பார், யாரும் கூப்பிட்டால் எழும்ப வசதியாக. கலியாண வீட்டில் சாப்பாடு வைக்குமுன் மூன்று தரம் வாசலுக்குப் போய்வருவார். "இந்த மனுஷன் செத்து, சந்தூக்கில வைச்சுத் தூக்கினாலும், ஒருக்கா எழும்பி ரோட்டைப் பாத்துப்போட்டுத்தான் படுப்பார்" என்று அவருடைய மனைவி சபூறாவே சொல்லியிருக்கிறாள்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த பிழைப்பும் ஓட்டப் பிழைப்புத்தான். முல்லைத்தீவுக் களப்பில் இரவெல்லாம் பிடிபட்ட இறாலை விடிந்ததும் வாங்க வேண்டும். உமிக்குள் புதைத்து வைத்த ஐஸை உடைத்துப் போட்டுப் பெட்டியில் அடுக்க வேண்டும். பெட்டியை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டி, முப்பது மைல் ஓடி, மாங்குளம் ஸ்டேசனில் பத்து மணி ரயிலில் கொழும்புக்கு ஏற்ற வேண்டும். திங்களும் வியாழனும் இதே ஓட்டம். ரயில் போய்விட்டால் இறாலைக் காகத்துக்குத்தான் போடலாம். அதுவும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தின்னும்.

நாலு வருஷம் பிழையில்லாமல் ஓடினார். ஓவசியர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது விட்டுப்போன பீ.எஸ்.ஏ. வண்டி அது. சத்தம் முள்ளியவளையில் கேட்டால் தண்ணீரூற்றில் கோழிகள் ரோட்டை விட்டு இறங்கும். ஆனால் இந்த வருஷம் மாசி மாதத்துக்குப் பிறகு அவருடைய முதுகில் ஒரு நோவு வந்து குடியேறியது. இடுப்புக்குச் சற்றுக் கீழே, முள்ளந்தண்டு முடிகிற இடத்தில். பள்ளத்தில் வண்டி விழுந்தெழும்பும்போதெல்லாம் யாரோ உளி வைத்து அடிப்பதுபோல் இருக்கும். ஒட்டுசுட்டானைத் தாண்டுமுன் இரண்டு தரம் வண்டியை நிறுத்தி, முதிரை மரத்தில் முதுகைச் சாய்த்து நிற்க வேண்டி வந்தது. அந்த நிற்பினால் பங்குனியில் ஒரு ரயில் போனது. சித்திரையில் இன்னொன்று போனது.

கொழும்பு முதலாளி கடிதம் போட்டார். கச்சு முகம்மதுவுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும், ஓடாது. சபூறா வாசித்தாள். "இன்னொரு தரம் சரக்கு வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன்" என்றிருந்தது. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பெண்சாதி தன்னை வீட்டில் இருத்துவதற்காக இல்லாததைக் கூட்டி வாசிக்கிறாளோ என்று நினைத்து, கடிதத்தை மடித்துக்கொண்டு மைத்துனர் மீராசாகிபுவின் புடைவைக் கடைக்குப் போனார். மீராசாகிபு சபூறாவின் தமையன். அவரும் அதையேதான் வாசித்தார். வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மச்சான், நான் எத்தினை தரம் சொல்லிப்போட்டன். அந்தப் பிசாசை வித்துப்போட்டு இஞ்ச வந்து இரும். பாரும், உமக்கெண்டே இருக்கக் கதிரை போட்டு வைச்சிருக்கிறன். இலவம் பஞ்சு மெத்தை. முதுகுக்கு ஒண்டும் செய்யாது."

கதிரை கடையின் மூலையில், சேலைக் கட்டுகளுக்கு நடுவில் இருந்தது. முன்னால் சுவர், பின்னால் சுவர். கச்சு முகம்மது அதைப் பார்த்தார். அதில் குந்தியிருந்து பூப்போட்ட சீத்தைத் துணியைக் கிழித்துக் கிழித்துப் பெண்டுகளிடம் கொடுக்கும் தன்னையும் பார்த்தார். உள்ளங்கால் அரித்தது.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றார்.

"நீர் யோசிக்க வேண்டாம். அடுத்த ரயிலை விடும், நான் ஆளனுப்பிக் கூப்பிடுறன்" என்று மைத்துனர் சிரித்தார்.

அந்தச் சிரிப்புத்தான் அவரை உசுப்பிவிட்டது. ரோட்டில் இறங்கும்போதே முடிவு செய்துவிட்டார். பிழை முதுகில் இல்லை, சீற்றில். ஓவசியர் எட்டு வருஷம் குந்தியிருந்து நசித்த சீற் அது. தோல் வெடித்து உள்ளே தும்பு தெரிந்தது. அதை மாற்றினால் எல்லாம் சரிவரும்.

மாங்குளம் சந்தியில் யோகநாதன் என்றொருவன் மோட்டார் கராஜ் வைத்திருந்தான். பளைப் பக்கத்து ஆள். கை நல்ல கை, வாய் அதைவிட நீளம். வாய் நீண்டவனைக் கச்சு முகம்மதுவுக்கு ஆகாது. ஆனால் அறுபது மைலுக்குள் வேறு கராஜ் கிடையாது.

யோகநாதன் மூன்று சீற்றுகளை வெளியே எடுத்துப் போட்டான். ஒன்று, கீழே இரண்டு பெரிய ஸ்பிரிங் வைத்த அகலத் தோல் சீற். மற்றது ரப்பர் மெத்தை போட்ட தடித்த நீளச் சீற். மூன்றாவது ஒடுக்கமாய், தட்டையாய், பின்பக்கம் மட்டும் ஒரு திமில் எழும்பினதாய் இருந்தது. மாட்டுக்குத் திமில் முன்னுக்கு, இதற்குப் பின்னுக்கு.

"இதென்னடா தம்பி, பாதிச் சீற்?"

"காக்கா" என்று, முஸ்லிம் ஆட்களை அண்ணன் முறையில் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டான் யோகநாதன். "இது ரேஸ் சீற். குனிஞ்சு, நெஞ்சைப் பெற்றோல் தாங்கியோட ஒட்டிக்கொண்டு ஓடுறதுக்கு. பின்னால இந்த மேடு ஆளை வழுக்க விடாமல் பிடிக்கும். தெற்கில ரேஸ் ஓடினவன்ர வண்டியில இருந்து கழட்டினது."

"தெற்கு எண்டால் எங்க? பளைக்காரனுக்குக் கிளிநொச்சியும் தெற்குத்தான்."

"உங்களோட கதைச்சு வெல்லேலாது. இருந்து பாருங்கோ, கொண்டுபோங்கோ, பிடிக்காட்டித் திருப்பித் தாங்கோ."

திருப்பி எடுப்பேன் என்று விற்கிறவன் சொன்னால் அதிலேதான் ஏதோ கள்ளம் இருக்கிறது என்று கச்சு முகம்மது நினைத்தார். ஆனாலும் மூன்றையும் ஒவ்வொன்றாய் நிலத்தில் வைத்து, சாரத்தை ஒதுக்கிக்கொண்டு குந்திப் பார்த்தார். ஸ்பிரிங் சீற் அம்மியடியில் போடும் பலகை மாதிரி அகலமாய், சொகுசாய் இருந்தது. அதை எடுத்துக்கொண்டார்.

அந்த வியாழக்கிழமை முள்ளியவளை வரைக்கும் சொர்க்கம். அதற்கப்பால் கிரவல் ரோட்டில், அலை அலையாய்த் திரைந்து கிடந்த மண்ணில், ஸ்பிரிங் தன்பாட்டுக்கு ஆடத் தொடங்கியது. வண்டி ஒருதரம் துள்ளினால் சீற் மூன்று தரம் துள்ளியது. மேலே போய் வரும் ஒவ்வொரு தரமும் உளி இறங்கியது. ஸ்டேசனுக்கு வந்தபோது மணி அடித்துவிட்டது. ரயில் காட், பச்சைக் கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, "காக்கா, இனி நான் பாத்துக்கொண்டு நிக்க மாட்டன்" என்று பெட்டியை ஏற்றினான்.

அன்றே யோகநாதனிடம் மாற்றிக்கொண்டார்; திங்கட்கிழமை ரப்பர் மெத்தை. அது நோவைக் கொஞ்சம் அமுக்கியது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் மெத்தை உயரம். கால் மிதியில் சரியாய் ஊன்றவில்லை. ஒட்டுசுட்டான் வளைவில் சாய்த்துத் திருப்பும்போது வண்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் போனார்கள். எதிரே வந்த நெல் வண்டிக்காரன் மாட்டைப் பிடித்துக்கொண்டு, "மெத்தையில படுக்கிறதெண்டால் வீட்டில படு காக்கா, ரோட்டில படுக்காதை!" என்று கத்தினான். அதற்குப் பிறகு வளைவுக்கு வளைவு பயந்து பயந்து ஓடினார். ரயில் புகை விடும்போதுதான் போய்ச் சேர்ந்தார்.

இனி மிச்சம் இருந்தது திமில் சீற்.

அடுத்த வியாழக்கிழமை அதைப் பூட்டிக்கொண்டு ஏறினார். ஏறின மாத்திரத்தில் வித்தியாசம் தெரிந்தது. வண்டி தாழ்ந்தது. முழங்கால் இரண்டும் தாங்கியை இறுக்கிப் பிடித்தன. நெஞ்சைக் குனிந்தார். காற்று தலைக்கு மேலால் போனது. வளைவில் இடுப்பைச் சற்று அசைத்தால் போதும், வண்டி அவருக்கு முன்பே திரும்பியது. இருபது வயதில் தோணிக்குப் பாய் கட்டி ஓடினபோதும் இந்த இன்பம் அவருக்குக் கிடைக்கவில்லை. "அடேய் யோகநாதா, பொய் சொல்லேல்லையடா!" என்று ரோட்டோரக் காட்டைப் பார்த்துக் கத்தினார்.

ஆனால் உளி? உளி இப்போது இறங்கவே இல்லை, உள்ளேயே நின்றது. அந்தத் திமில் பின்னாலிருந்து அவருடைய முதுகை அழுத்தி அழுத்தி, நோவை எலும்புக்குள் செலுத்தியது. பதினைந்தாம் மைலில் கண்ணீர் வந்தது, காற்றால் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். ஒன்பது இருபதுக்கு மாங்குளம் வந்துவிட்டார். ஆனால் வண்டியை விட்டு இறங்க முடியவில்லை. ஸ்டேசன் போட்டர் இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்து, மரக்குற்றியைத் தூக்குவதுபோல் தூக்கி நிறுத்தினார்கள்.

வண்டியை உருட்டிக்கொண்டு கராஜுக்கு நடந்தே போனார்.

"நீ முள்ளை வைச்சுத் தைச்ச சீற்றை எனக்குத் தந்திருக்கிறாய்."

யோகநாதன் சீற்றைக் கழற்றி, தடவி, பிசைந்து, முழங்கையால் குத்திப் பார்த்தான். பிறகு திருப்பிப் பூட்டி, தானே அதில் ஏறி, சந்தியை மூன்று சுற்றுச் சுற்றி வந்தான்.

"காக்கா, எனக்கு ஒண்டும் குத்தேல்லை."

"உனக்குத் தோல் தடிப்பு."

"உங்களுக்கு முதுகில கோளாறு. சீற் மூண்டு மாத்தியாச்சு, நோவு ஒண்டுதான். நல்ல பரியாரியாரைப் பாருங்கோ."

பரியாரியாரை அவர் பார்க்காமல் இல்லை. முள்ளியவளையில் முறிவுக்கு எண்ணெய் கட்டும் கிழவரிடம் இரண்டு தரம் போனார். கிழவர் இடுப்பு வாரைக் கழற்றச் சொல்லிவிட்டு, குப்புறப் படுக்க வைத்து, முதுகைத் தட்டி, "எலும்பு பளிங்கு மாதிரிக் கிடக்கு. வெளியில அடிபட்ட கண்டல்தான். குதிரை ஏதும் உதைச்சதோ?" என்று கேட்டார். முல்லைத்தீவில் ஏது குதிரை? கழற்றின வாரைக் கச்சு முகம்மது கையிலேயே பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். பரியாரியையும் அவர் நம்பவில்லை.

சபூறாவுக்கு நோவைக் காட்டியதும் இல்லை. காட்டினால் பொழுதுபடுமுன் தமையனுக்குப் போகும் என்று பயம். அன்றைக்கு மட்டும் வேறு வழியில்லாமல் போனது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றக் கை எழும்பவில்லை. சபூறா எண்ணெய்ச் சட்டியோடு வந்தாள். சட்டையைத் தூக்கிப் பார்த்தவள் சட்டியைக் கீழே வைத்தாள்.

"என்ன?" என்றார்.

"இஞ்ச, உங்கட புதுச் சீற்றுக்குப் பல்லிருக்கோ?"

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய்?"

"முதுகில பல்லுப் பல்லாய்க் கண்டிப்போய்க் கிடக்கு. ஒரு நீளக் கம்பி, அதின்ர நுனியில மூண்டு பல்லு. பக்கத்தில ஒரு வளையம்." விரலால் அதைக் கோடிட்டுக் காட்டினாள். பிறகு பாயில் கிடந்த அவருடைய வாரை எடுத்துத் திருப்பினாள்.

அகலமான தோல் வார். வியாபாரம் செய்கிற எங்கள் பக்கத்து முஸ்லிம் ஆட்கள் சாரத்துக்கு மேலே கட்டுவது. முன்னுக்கு ஒரு பை இருக்கும். கச்சு முகம்மதுவின் வாரில் பை பின்னுக்கு இருந்தது. மாசி மாதம் வவுனியாச் சந்தையில் எவனோ முன்னால் நின்று சிரித்துச் சிரித்துக் கதைத்து, பையின் வாயைச் சவரப் பிளேட்டால் அறுத்துவிட்டான். நல்ல காலத்துக்கு ஒன்றும் போகவில்லை. அன்றிலிருந்து அவர் வாரைத் திருப்பிக் கட்டத் தொடங்கினார். பையைப் பின்னால் விட்டு, அதற்கு மேல் சட்டையை விட்டு, வண்டியில் ஏறினால் சீற்றோடு அமர்ந்துபோகும். அதைவிடக் காவல் உண்டா?

அந்தப் பைக்குள் இருந்தது திறப்புக் கோர்வை, சாவிக் கொத்து. ஏழு திறப்பு. அதில் இறாலும் ஐஸும் வைக்கும் கடற்கரை வாடியின் திறப்பு ஒரு சாண் நீளம், பழைய இரும்பு, நுனியில் மூன்று பல்.

சபூறா அதை எடுத்து அவருடைய முதுகில் இருந்த அடையாளத்தின் மேல் வைத்தாள். அச்சாய் இருந்தது.

"வவுனியாவுக்குப் போய் வந்த பிறகுதானே நோவு தொடங்கினது?" என்று கேட்டாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பார். அவள் சும்மா எண்ணெய் பூசினாள். அது அதைவிடப் பொல்லாதது.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அவர் திறப்புக்கு இடம் தேடினார். கழுத்தில் கட்டிப் பார்த்தார், குனிந்தபோது தாங்கியில் அடித்தது. இறால் பெட்டிக்குள் வைத்தால் ஸ்டேசனில் மறந்து கொழும்புக்குப் போகும். வாடிக் கூரைக் கிடுகுக்குள் செருகினார், பத்து அடி நடந்துவிட்டுத் திரும்பிவந்து எடுத்தார். களப்புக்காரர் ஐஸைக் களவெடுப்பார்கள், மைத்துனர் உளவு பார்ப்பார், பூனைகூடப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

"என்னட்டத் தாங்கோவன்" என்றாள் சபூறா. குசினியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள், நிமிரவுமில்லை.

"உனக்கேன் திறப்பு?"

"எனக்கேன்? உங்கட முதுகுக்குத்தான்."

அவர் முற்றத்துக்குப் போனார். கலியாணம் கட்டி இருபத்திரண்டு வருஷம். அலுமாரித் திறப்பைக்கூட அவள் கையில் கொடுத்ததில்லை. ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கொடுக்காமலே பழகிப்போய்விட்டது.

திங்கட்கிழமை காற்று மாறி அடித்தது. களப்புக்காரர் பிந்தி வந்தார்கள். பாதி இறால்தான் வந்தது, மிச்சம் பின்னால் வருகிறது என்றார்கள். வந்ததை அடுக்கி முடிய எட்டே முக்கால். பத்து மணி ரயிலுக்கு முப்பது மைல். திமில் சீற்றைத் தவிர வேறெதிலும் முடியாது. திறப்போடு அந்தச் சீற்றில் பாதி வழியும் போக முடியாது. போகாவிட்டால் மூலையில் கதிரை காத்திருக்கிறது.

சபூறா வாடி வாசலில் நின்றாள். முக்காட்டைக் காற்று இழுத்தது. அவள் கை நீட்டவில்லை. அவர்தான் பையிலிருந்து கோர்வையை எடுத்தார். எடுத்தார், பிடித்துக்கொண்டு நின்றார்.

"களப்புக்காரர் வந்தால், ஐஸ் பெட்டி மூடியைத் திறந்து கன நேரம் வைச்சிருக்காதை. ஐஸ் போயிரும். அலுமாரியைத் தொடாதை. உன்ர காக்கா வந்தால் உள்ள விடாதை."

"நேரம் போகுது."

அவளுடைய கையில் போட்டார். கோர்வை கலகலத்தது. ஒருநாளும் அந்தச் சத்தம் அவருக்கு எதிர்ப் பக்கத்திலிருந்து கேட்டதில்லை.

வண்டி பறந்தது. தண்ணீரூற்றுக் கோழிகள் இறங்க நேரமில்லாமல் மேலே எழும்பின. கிரவலில் பின்சக்கரம் வால் ஆட்டியது, திமில் அவரை அசையவிடாமல் பிடித்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் முதுகு நோகுமென்று காத்திருந்து பார்த்தார். உளி இறங்கவில்லை. பழைய கண்டல் சற்று விண் என்றது, அவ்வளவுதான். ஒட்டுசுட்டான் வளைவில் அதே நெல் வண்டிக்காரன் கையைத் தூக்கி ஏதோ கத்தினான். என்ன என்று கேட்க நிற்கவில்லை.

பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பெட்டி மேடையில் இறங்கியது. காட் வாயைப் பிளந்தான்.

"காக்கா, இண்டைக்கு ஆகாயத்தால வந்தனீங்களோ?"

ரயில் இறாலை ஏற்றிக்கொண்டு போனது. கச்சு முகம்மது மேடையில் நின்றார். சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. கை தானாய்ப் பின்னால் போய் வாரைத் தடவியது. பை சப்பையாய்க் கிடந்தது. வாடியைத் திறந்து போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாளோ? தமையனைக் கூப்பிட்டு அலுமாரியைக் காட்டியிருப்பாளோ? இருபத்திரண்டு வருஷம் சும்மா இருந்தவள் எதற்காகச் சும்மா இருந்தாள்?

யோகநாதன் கராஜ் வாசலில் தேத்தண்ணியோடு நின்று கூப்பிட்டான். "காக்கா! முதுகு எப்படி? சீற் வைச்சிருக்கிறியளோ, திருப்பித் தாறியளோ?"

"வைச்சிருக்கிறன்!" என்று கத்திக்கொண்டே அவர் திரும்பிவிட்டார். ஒவ்வொரு தரமும் மாங்குளத்தில் ஏற்றிவரும் ஐஸைக்கூட அன்று ஏற்றவில்லை.

வந்ததைவிட வேகமாய்ப் போனார். முதுகு நோகவில்லை. அந்த நோவு இருந்த காலத்தில் அதை நினைப்பதற்கே நேரம் சரியாய் இருந்தது. இப்போது முப்பது மைலும் மற்றதெல்லாவற்றையும் நினைக்க நேரம் கிடைத்தது.

வாடி வாசலில் இரண்டு வெறுங்கூடைகள் கவிழ்த்துக் கிடந்தன. கதவு பூட்டியிருந்தது. சபூறா நிழலில் பெட்டியொன்றின் மேல் இருந்து, இறால் மணம் போகக் கையைச் சாம்பலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் இஞ்சினை நிறுத்தாமலே கேட்டார்.

"களப்புக்காரர்?"

"வந்தவை. மிச்ச இறாலை ஐஸுக்குள்ள போட்டாச்சு. நீங்கள் வரும்வரை வெயிலில கிடந்திருந்தால் நாறியிருக்கும், முந்தி நீங்கள் பூட்டிப்போட்டுப் போய் நாறினது மாதிரி."

"உன்ர காக்கா?"

"வந்தவர். ரயில் போயிட்டுதோ எண்டு கேட்டவர். கதிரையை வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்லிப்போட்டன்."

அவருக்கு அது பிடித்தது. பிடித்ததைக் காட்டவில்லை. அவள் இடுப்பில் செருகியிருந்த கோர்வையைப் பார்த்தார். மெலிந்திருந்தது.

"என்ன இது, குறையுது?"

"ஏழில ரெண்டுக்குப் பூட்டே இல்லை. எல்லாத்திலயும் போட்டுப் பாத்தன். களப்புக்குள்ள எறிஞ்சிட்டன்."

"எறிஞ்சியோ? எந்த ரெண்டை?"

"நீங்களே சொல்லுங்கோவன், எந்த ரெண்டு எண்டு."

கச்சு முகம்மது வாயைத் திறந்தார். வாடித் திறப்பு ஒன்று. அலுமாரி ஒன்று. வீட்டு வாசல் ஒன்று. அதற்கு மேல் ஓடவில்லை. சபூறா கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு அவருடைய முகத்தையே பார்த்தாள். பதில் வரும்வரை பார்ப்பாள் போலிருந்தது.

அவர் களப்புப் பக்கம் திரும்பினார். வெயிலில் தண்ணீர் கண்ணைக் கூசவைத்தது. வண்டி இன்னும் உறுமிக்கொண்டே நின்றது. சீற்றில் கை வைத்தார், சுட்டது. அடுத்த ஓட்டம் வியாழக்கிழமை. அதுவரைக்கும் மூன்று நாள், திறப்பு அவள் இடுப்பில் இருக்க, தான் எங்கே இருப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.